சரஹெம்லாவின் சக்களத்தி

கீழறையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் எழுந்தது. மெர்லீன் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

ஆணி அடிக்கிற சத்தம் இல்லை. தொப்பென்று ஓர் அடி. அதைத் தொடர்ந்து சரளைக்கல் சரிவதுபோல் ஒரு சலசலப்பு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மீண்டும் தொப்.

சமையலறை முழுக்க பீச் பழ வாசனை. தோலுரித்துப் பாதியாகப் பிளந்த பழங்களைக் கண்ணாடிப் புட்டிகளில் அடுக்கிச் சர்க்கரைப் பாகு ஊற்றிக்கொண்டிருந்தாள். செப்டம்பர் பிறந்தால் அமெரிக்க மலைநாட்டின் அந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீடுகளிலும் நடக்கிற வேலைதான் அது. ஆனால் இந்த வருடம் கை ஓடவில்லை. வருகிற சனிக்கிழமை கடைசி மகள் ஷேலினுக்கு உள்ளூர் மான்டை ஆலயத்தில் கல்யாணம். அந்தச் சந்தோஷத்தில் நேற்று அவள் புருஷன் தேய்ன் நெருப்பை அள்ளிப் போட்டிருந்தான்.

மறுபடியும் தொப். இந்த முறை ஏதோ உடைந்தது நன்றாகவே கேட்டது.

மெர்லீன் படிகளில் இறங்கினாள். கடைசிப் படியில் கால் வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

சுண்ணாம்புத் தூசி புகைபோல் அறையை நிறைத்திருந்தது. நடுவில் தேய்ன் நின்றான். தலைமுடி, புருவம், சட்டை எல்லாம் வெள்ளை. கையில் சம்மட்டி. அவன் எதிரே, இரண்டு பெரிய மேஜைகளைச் சேர்த்துப் போட்டு அவற்றின்மேல் அவன் சுண்ணாம்பில் எழுப்பிய பொம்மை நகரம் பாதி நொறுங்கிக் கிடந்தது. கோபுரங்கள் இல்லை. மதிலில் ஒரு பக்கம் மட்டும் மிச்சம். நீல வார்னிஷ் பூசிய ஆறு, கரையில்லாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன தேய்ன் பண்ற?” என்றாள்.

“இடம் வேணும்ல. சனிக்கிழமை உன் சொந்தக்காரங்க எல்லாம் வந்தா எங்க படுப்பாங்க?” என்று சொல்லிவிட்டு அவன் சம்மட்டியை மறுபடி ஓங்கினான்.

அவள் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நகரம் மண்ணோடு மண்ணாகப் போகட்டும் என்று எத்தனை முறை மனதுக்குள் சபித்திருப்பாள். இன்று அதைக் காப்பாற்ற அவள் கைதான் நீண்டது. இதை என்னவென்று சொல்ல?

மெர்லீன் பிறந்தது பக்கத்துச் சிற்றூரான எஃப்ரெய்மில், வான்கோழிப் பண்ணை வைத்திருந்த ஒரு மோர்மன் சபைக் கிறிஸ்தவக் குடும்பத்தில். அவள் கொள்ளுத்தாத்தாவுக்கு நான்கு மனைவிகள். அந்த வழக்கம் மலையேறி எத்தனையோ காலமாகிவிட்டது என்றாலும், கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தேய்ன் தோருப்பைக் கைப்பிடித்தபோது, தனக்கும் ஒரு சக்களத்தி வாய்ப்பாள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

அந்தச் சக்களத்தியின் பெயர் சரஹெம்லா.

அவர்களுடைய வேதத்தில் வரும் தலைநகரம் அது. கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே எருசலேமிலிருந்து கப்பலேறி அமெரிக்கக் கரையில் இறங்கிய மக்கள் வாழ்ந்த நகரம். சீதோன் என்ற ஆற்றின் கரையில் மதிலும் கோபுரமுமாக நின்ற நகரம். ஒருநாள் நெருப்பில் வெந்து, பிறகு மீண்டும் எழுந்து, பிறகு அடையாளமே இல்லாமல் போன நகரம். அது எங்கே இருந்தது என்று வேதம் வரைபடம் போட்டுக் காட்டவில்லை. சபையும் இன்ன இடம் என்று சொல்லவில்லை. அதனாலேயே வீட்டுக்கு வீடு ஒரு வரைபடம் இருந்தது.

தேய்ன் பத்தொன்பது வயதில் ஊழியத்துக்காகக் குவாத்தமாலா போனவன். அங்கே ஒருநாள் மழை விட்ட பிறகு, ஆற்றோரம் புல் மூடிய ஒரு மேட்டில் ஏறி நின்றானாம். நெஞ்சு சுட்டதாம். அவர்களுக்கு நெஞ்சு சுடுவது என்றால் சாதாரணமில்லை. அது மேலேயிருந்து வருகிற பதில். கல்யாணமான முதல் வாரத்தில், விடுதி அறையின் பனி படிந்த ஜன்னலில் விரலால் ஆறு வரைந்து, மேடு வரைந்து, இதையெல்லாம் அவன் அவளுக்குச் சொன்னான். புது மனைவி தலையணையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது, இந்த மனிதனின் நெஞ்சில் தனக்கு முன்பே ஒருத்தி குடியிருக்கிறாள் என்று.

வான்கோழி ஏற்றும் லாரி ஓட்டினான். நல்ல உழைப்பாளி. குடி இல்லை, காபிகூட இல்லை. விடுமுறை கிடைத்தால் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு குவாத்தமாலா. திரும்பி வரும்போது வாசலிலேயே, பையை இறக்கி வைக்கும் முன்பே, “இது இல்ல மெர்லீன். இந்த மேடும் இல்ல” என்று சொல்லிவிடுவான். சொல்லிவிட்டுக் கீழறைக்குப் போய், கோழிவலையும் சுண்ணாம்பும் கொண்டு தன் நகரத்தில் இன்னொரு தெருவைக் கட்டுவான். பிள்ளைப்பேறுகளில் இரண்டை அவள் தனியாகவே கடந்தாள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி, உன் புருஷன் எங்கே என்று கேட்டதற்கு, “மூத்தவ வீட்டுல” என்று மெர்லீன் சொன்ன பதில் ஊர் முழுக்கச் சுற்றி வந்தது.

இந்தத் தொல்லை போதாதென்று அவள் தம்பி ராண்டல் வேறு. அவனுக்குச் சரஹெம்லா இருந்தது தெற்கே இல்லை, மிசிசிப்பிக் கரையில், அயோவாவில். அந்தக் காலத்தில் சபையைத் தோற்றுவித்த தீர்க்கதரிசியே அங்கே ஒரு குடியிருப்புக்கு அந்தப் பெயரை வைக்கச் சொன்னார், பின்னே சும்மாவா வைப்பார் என்பது அவன் கட்சி. நன்றி சொல்லும் நாள் விருந்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் போதும். மசித்த உருளைக்கிழங்கு மலையாகும். அதன்மேல் ஊற்றுகிற குழம்பு சீதோன் ஆறாகும். வெண்ணெய்க்கத்தி வடக்கு நிலத்தையும் தெற்கு நிலத்தையும் பிரிக்கும்.

“உன் மிசிசிப்பி தெக்க பாயுது. சீதோன் வடக்க பாயணும்டா” என்பான் தேய்ன்.

“எந்த வசனத்துல இருக்கு? காட்டு. நான் தட்டோட எழுந்து போயிடுறேன்.”

“உன் ஊர்ல ஒரு கல்லாவது இருக்கா? சோளம்தான் இருக்கு. சோளத்துலயா மதில் கட்டுனாங்க?”

“உன் ஊர்க் கல்லைப் பாத்தேன். பூரா பாம்பு. நம்மாளுங்க பாம்பையா கும்பிட்டாங்க?”

மெர்லீன் இருவர் தட்டிலும் ரொட்டியைப் போட்டு வாயை அடைப்பாள். ஒரு வருடம் ஷேலின் ப்ரோவோ கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். வெளியே உள்ள ஆராய்ச்சிக்காரர்கள் அப்படி ஒரு நகரம் எங்கேயுமே இருந்ததில்லை என்கிறார்களாமே என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மேஜையில் ஒரு முள்கரண்டிகூட அசையவில்லை. எதிரிகள் இருவரும் ஒரே பக்கமாகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடம் மட்டும் மாமனும் அப்பனும் ஒரே ஊர்க்காரர்கள்.

பிறகு ராண்டல் அவர்களுடைய சபைக்கே பிஷப் ஆனான். அந்த ஊரில் பிஷப் என்றால் தனியாகப் படித்து வருகிறவர் இல்லை. வார நாளில் டிராக்டர் பழுது பார்க்கிறவன், ஞாயிற்றுக்கிழமை டை கட்டிக்கொண்டு ஊரின் ஆத்துமாக்களுக்குப் பொறுப்பேற்பான். ஆலயத்துக்குள் போக வேண்டுமானால் அவன்தான் கேள்வி கேட்டு அனுமதி அட்டை கொடுக்க வேண்டும். ராண்டல் டை கட்டியிருந்தால் பிஷப், கட்டாவிட்டால் தம்பி என்று வீட்டில் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

இந்த ஆகஸ்டில் ராண்டலும் அவன் கூட்டாளிகளும் அயோவாவில் ஒரு சோளக்காட்டில் துளையிட்டுப் பார்க்கப் போனார்கள். சொந்தக்காரர் சம்மதித்திருந்தார். கிணறு தோண்டும் எந்திரம் வந்திருந்தது. வந்து பார், உன் வாயை அடைக்கிறேன் என்று ராண்டல் கூப்பிட, சிரிக்கத்தான் போகிறேன் என்று தேய்னும் கூடவே போனான். திரும்பி வந்தவன் சிரிக்கவில்லை. கீழறைக்கும் போகவில்லை. மெர்லீன் அதை ஒரு நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டாள், பாவம்.

நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு. எல்லோரும் உபவாசமிருந்து சபைக்கு வந்து, விருப்பமுள்ளவர்கள் எழுந்து சாட்சி சொல்கிற நாள். அந்தச் சாட்சிக்கு ஒரு சொல் உண்டு. நம்புகிறேன் என்றோ நினைக்கிறேன் என்றோ யாரும் சொல்வதில்லை. ‘எனக்குத் தெரியும்’ என்றுதான் சொல்வார்கள். பேச்சு சரியாக வராத குழந்தையைக்கூடத் தாய் தூக்கிப்போய் ஒலிபெருக்கி முன் நிறுத்திக் காதோரம் சொல்லிக் கொடுப்பாள். அது மழலையில், “எனக்குத் தெதியும்” என்னும். சபை நெகிழும். தேய்னும் அப்படித்தான் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்தான், நகரத்தையும் சேர்த்து.

நேற்று அவன் எழுந்து போய் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்குத் தெரியும்னு இத்தனை வருஷமா இங்க நின்னு சொல்லியிருக்கேன். எனக்குத் தெரியாது. இருந்திருக்கணும்னு ஆசைப்பட்டேன். அந்த ஆசையைத்தான் தெரியும்னு சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க. ஆமென்.”

சபை முழுதாகப் பதில் ஆமென் சொல்ல வேண்டிய இடம் அது. ஒருவரும் சொல்லவில்லை. காது கேளாத கிழவர் ஒருவர் மட்டும் கடைசி வரிசையிலிருந்து உரக்க, “ஆமென்” என்றார். மேடையில் பிஷப் ராண்டலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. முன்வரிசையில் ஒரு பெண் அவசரமாக எழுந்து ஓடிப்போய், கிழிசலைத் தைக்கிற மாதிரி, எனக்குத் தெரியும் எனக்குத் தெரியும் என்று சொல்லத் தொடங்கினாள்.

வாகனங்கள் நிற்கிற இடத்தில் யாரும் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையில் வாசல்மணி அடித்தது. திறந்தால் ஆளில்லை. படியில் ஒரு பாத்திரம். க்ரீமும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு. அந்த ஊரில் அதற்கு இழவுக் கிழங்கு என்றே பெயர். சாவு விழுந்த வீட்டுக்குத்தான் அதைக் கொடுத்தனுப்புவார்கள். பரிவோடு கொண்டு வந்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சூடான பாத்திரத்தைக் கையில் ஏந்தி நின்றபோது, தன் வீட்டில் யார் செத்தது என்றுதான் மெர்லீனுக்குக் கேட்கத் தோன்றியது.

அதற்குப் பிறகுதான் ஷேலின் ப்ரோவோவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. உடை தயாராகிவிட்டதாம். ஆலயத்தில் அந்த அறையை ஏற்கெனவே போய்ப் பார்த்தாளாம். பீடத்துக்கு இரு பக்கமும் சாட்சிகளுக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்று மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, ஒன்று தன் அப்பாவுக்கு. “அப்பாகிட்ட சொல்லும்மா. நான் முட்டி போட்டுத் தலையைத் தூக்கினா நேரா அப்பா முகம்தான் தெரியும்” என்றாள். மெர்லீன் சரி சரி என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

இப்போது கீழறையின் தூசியில் கணவனின் கையைப் பிடித்தபடி அவள் கேட்டது அந்த நாற்காலிக்காகத்தான். நேற்று ஏதோ களைப்பில் உளறிவிட்டதாக ராண்டலிடம் சொல்லிவிடலாம் இல்லையா?

தேய்ன் சம்மட்டியைக் கீழே போட்டான். நேற்று சபை முடிந்ததுமே தன் ஆலய அட்டையை ராண்டலிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னான்.

மெர்லீன் படியில் உட்கார்ந்துவிட்டாள். அட்டை இல்லாமல் ஆலய வாசலைத் தாண்ட முடியாது. பெற்ற தகப்பனானாலும் வெளியே புல்தரையில்தான் நிற்க வேண்டும். ஒரே மகளா? இல்லை. ஆனால் கடைசி மகள். அவன் தோளில் தூங்கி வளர்ந்தவள்.

என்ன நடந்தது அந்தச் சோளக்காட்டில் என்று அவள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். அவன் சொன்னான். எந்திரம் ஒரு துளை போட்டது. வெறும் களிமண் வந்தது. இன்னொரு துளை, களிமண். கூட்டாளிகள் கலைந்தார்கள். ராண்டல் மட்டும் அந்த ஈரமண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பிசைந்து ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றானாம்.

“எனக்குச் சிரிப்பு வரணும். அதுக்குத்தானே போனேன். ஆனா அவன் நிக்கிறதைப் பாத்தா அது ராண்டல் இல்ல மெர்லீன், நான். அந்த ஆத்தோரம் மேட்டுக்கு மேடு நின்னது அப்படித்தானே? எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.”

அவள் அழுதாள். கெஞ்சினாள். கல்யாணமான நாளிலிருந்து நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை, அந்த ஊரைக்கூட விடச் சொன்னதில்லை, இப்போது கேட்கிறேன், ஒரு வார்த்தை, பிள்ளைக்காக ஒரே வார்த்தை சொல்லிவிடு என்றாள். தேய்ன் அவள் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினான். தலையாட்டியவன் விளக்குமாற்றை எடுத்து, நொறுங்கிய நகரத்தைக் கூட்டத் தொடங்கினான்.

சாயங்காலம் ராண்டல் வந்தான். வெள்ளைச் சட்டையும் டையுமாக வந்தான். தண்ணீர்கூட வேண்டாம் என்றான். சட்டைப்பையிலிருந்து அந்தச் சிறிய அட்டையை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.

“நேத்து இதை நீ குடுக்கவும் இல்ல, நான் வாங்கவும் இல்ல. எடுத்து உள்ள வை.”

தேய்ன் எடுக்கவில்லை.

நகரத்தைப் பற்றி யார் கேட்டது என்று ராண்டல் பொரிந்தான். ஆலய அட்டைக்கான கேள்விகளில் சரஹெம்லா எங்கே வருகிறது? அது தெற்கே இருந்தால் என்ன, வடக்கே இருந்தால் என்ன? அயோவாவில் மண் வந்தது, சரி, அடுத்த வருடம் ஓடைக்கு அந்தப் பக்கம் துளையிடப் போகிறோம். “தோத்தது நான். எனக்கே ஒண்ணும் ஆகல. உனக்கு என்ன வந்துச்சு?”

“கேள்வியில இல்ல ராண்டி. எனக்குள்ள இருந்துச்சு. வேற எதையும் நான் தனியா நம்பிப் பாத்ததே இல்ல. எல்லாத்தையும் அந்த ஒரு சுவத்துலதான் சாச்சு வச்சிருந்தேன்.”

ராண்டல் கொஞ்ச நேரம் டையை இழுத்து இழுத்து விட்டான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான். குரல் மாறியது.

“சகோதரர் தோருப். ஒரே கேள்விதான் கேக்கப் போறேன். இது தேவனோட சபைன்னு உங்களுக்குத் தெரியுமா?”

சமையலறையில் பீச் புட்டிகளின் மூடிகள் ஆறி ஒவ்வொன்றாக இறுகும் சத்தம் மட்டும் கேட்டது. தேய்ன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கேட்டுக்கொண்டபடியே செய்யப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தான்.

“எனக்குத் தெரி...”

அந்த முகத்தை மெர்லீன் முன்பு பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வருடமும் வாசலில் நின்று, பையை இறக்கும் முன்பே, இது இல்லை என்று சொன்ன முகம் அது இல்லை. தோற்றுத் தோற்று வந்தபோதும் ஒருதடவைகூட, கிடைத்துவிட்டது என்று அவன் அவளை ஏமாற்றியதில்லை. இப்போது அவளுக்காக, அவள் அழுததற்காக, அந்த முகம் செத்துக்கொண்டிருந்தது.

“வேணாம்” என்றாள்.

தன் வாயிலிருந்து வந்த சொல் அவளையே தூக்கிவாரிப் போட்டது. ராண்டல் திகைத்துப்போய்த் திரும்பினான்.

“அவன்கிட்ட அதைக் கேக்காத ராண்டி. சொல்லிடுவான். எனக்காகச் சொல்லிடுவான்.”

“அக்கா, நீ என்ன பேசுறன்னு புரியுதா? சனிக்கிழமை ஷேலின் தலையைத் தூக்கிப் பாப்பா. அந்த நாற்காலி...”

“நான் உள்ள இருப்பேன். எனக்கு அட்டை இருக்கு. அவ பக்கத்துல நான் இருப்பேன்.” சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

தேய்ன் மூச்சை இழுத்து விட்டான். தண்ணீருக்குள் முங்கியிருந்தவன் மேலே வந்த மாதிரி இருந்தது அது. அட்டையை ஒரு விரலால் மெல்லத் தள்ளி, ராண்டல் பக்கம் நகர்த்தினான்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் ராண்டி. சாட்சி நாற்காலி காலியா இருக்கக் கூடாது. நீ உக்காரு.”

ராண்டல் அவனையே பார்த்தான். ஊருக்குப் பிஷப், ஒரு நிமிடத்தில் உடைந்து போனான். “இத்தனை வருஷமா உன் இடம் தப்பு, உன் இடம் தப்புன்னு என்கிட்ட சண்டை போட்ட. இன்னைக்கு உன் இடத்துல என்னைப் போய் உக்காரச் சொல்றியேடா, பாவி.”

“வேற யாரைக் கேக்க? அவ சின்னதுலயிருந்து நம்ம ரெண்டு பேர் சண்டையையும் பாத்து வளந்தவ. என்னைத் தேடுனா உன் மூஞ்சியைப் பாத்து சிரிச்சுக்குவா.”

“நீ எங்க இருப்ப?”

“வெளிய. கிழக்குப் பக்கம் புல்தரையில. நல்லா நிழல் விழும்.”

ஷேலினிடம் யார் சொல்வது என்று ராண்டல் கேட்டான். நாளைக் காலை ப்ரோவோ போய்த் தானே சொல்வதாகத் தேய்ன் சொன்னான். தொலைபேசியில் சொல்கிற சங்கதி இல்லை அது. அவள் கோபப்பட்டால் கேட்டுக்கொள்வான். கல்யாணத்துக்கு வராதே என்றாலும் கேட்டுக்கொள்வான்.

ராண்டல் எழுந்தான். அட்டையை எடுக்க அவன் கை வரவில்லை. இரண்டு முறை தொட்டுவிட்டு மூன்றாவது முறைதான் எடுத்தான். தேய்னின் தோளில் கையை அழுத்திவிட்டு வாசலுக்கு நடந்தான். மெர்லீன் கூடவே போய்க் கதவைத் திறந்தாள்.

படியில் இறங்கியவன் திரும்பினான். மலைமேல் ஆலயத்தின் வெள்ளைச் சுவர்களில் மாலை வெயில் விழுந்திருந்தது. பேயறைந்தவன்போல் நின்று, தாழ்ந்த குரலில் கேட்டான்.

“உனக்குத் தெரியுமா அக்கா?”

பிறந்ததிலிருந்து சபையில் எத்தனையோ முறை அந்த வார்த்தையைச் சொன்னவள். தனியாக நிறுத்தி அவளிடம் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. வீட்டுக்குள் தேய்ன் நாற்காலியை நகர்த்தும் ஓசை கேட்டது.

“சனிக்கிழமை சீக்கிரமா வந்துடு ராண்டி” என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு வேலி வரைக்கும் நடந்தான். வண்டி கிளம்பித் திருப்பத்தில் மறைந்தது. மெர்லீன் கதவைச் சாத்தினாள்.